பன்னிரண்டு மாப்பிள்ளைகள்

ஜப்பான்காரன் இருந்த அந்த மூன்றரை வருஷத்தில், தரகர் மாமா யார் வீட்டிலும் முழு கிளாஸ் காப்பி குடித்து நான் பார்த்ததில்லை. பாதி குடிப்பார். மீதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். காப்பி என்று நாங்கள் சொல்லிக்கொண்டது சோளத்தை வறுத்து இடித்துக் கொதிக்கவைத்த கறுப்புத் தண்ணீர். அதை முழுக்கக் குடிக்காததில் ஒரு நியாயம் இருக்கிறதுதான். ஆனால் நல்ல காப்பி கிடைத்த காலத்திலும் அவர் அப்படித்தான் என்று அம்மா சொல்வார். முழுக்கக் குடித்தால் இந்த வீட்டு ஆள் என்று மற்ற வீடுகள் பேசும். தொடாமல் வைத்தால் இந்த வீடு வருத்தப்படும். அரை கிளாஸ் என்றால் நட்பு உண்டு, கையெழுத்து இல்லை.

அவரை இப்போது நினைக்கக் காரணம் பேப்பர். ரயில்வேயில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் தினமும் காலையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, நாளைக்கு இந்த நாடு சொந்தக் காலில் நின்றால் எந்த வல்லரசின் பக்கம் நிற்க வேண்டும், நீரிணையை யார் காவல் காப்பது, சின்ன நாட்டுக்குப் பெரிய நாடு குடை பிடித்தால் அதற்குக் கூலி என்ன என்று உரக்க விசாரித்துக்கொண்டிருக்கிறார். பெரிய பெரிய ஆட்கள் இதைப் பற்றி எழுதுகிறார்கள். மலாக்காவில், காஜா பெராங்கில், எங்கள் லைன் வீடுகளுக்கு ஒரு வெளியுறவு மந்திரி இருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவர் தொழில் கல்யாணத் தரகு. ஆள் குள்ளம். எப்போதும் துவைத்த வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு கித்தான் பை, கையில் ஒரு கறுப்புக் குடை. அந்தக் குடையை அவர் விரித்ததே கிடையாது. மலாக்கா மழையில் நனைந்துகொண்டே மடக்கிய குடையோடு நடந்து வருவார். ஏன் மாமா என்று ஒருதரம் கேட்டேன். விரித்தால் யாரையாவது உள்ளே கூப்பிட வேண்டும், கூப்பிடாத ஆள் கோபித்துக்கொள்வான் என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பைக்குள் ஜாதகங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் சுருட்டி நூல் கட்டியிருப்பார். பின்பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒரு வரனை எத்தனை வீட்டில் காட்டினாரோ அத்தனை புள்ளி. நான்குக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. சுங்கத்தில் வேலை பார்த்த ஒரு பையனின் ஜாதகத்தில் பதினொரு புள்ளி இருந்தது. பதினொரு வீட்டிலும் அவர் சொன்ன பதில் ஒன்றே: “பேசிக்கிட்டிருக்கு.”

நான் பொருட்களை வரிசைப்படுத்துகிறவள். இது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பையன், பதினொரு வீடு. பத்து வீட்டுக்கு இல்லை என்று சொல்லித்தானே ஆகவேண்டும்?

“நாம ஏன் ஆயி சொல்லணும்?” என்றார். பெண்பிள்ளைகளை அவர் ஆயி என்றுதான் கூப்பிடுவார். “ஒரு வீட்டுக்கு நிறம் பத்தாது. ஒரு வீட்டுக்கு மாமியார் பிடிக்காது. ரெண்டு வீடு ஒண்ணுக்கொண்ணு பழைய சண்டை, அவன் பார்த்த இடம் எனக்கு வேணாம்னு போயிடும். அவங்களே கழிஞ்சு போவாங்க. நம்ம வாயால மட்டும் வேணாம்னு வரக்கூடாது.”

அவருடைய கொள்கை முழுவதும் இதுதான். இதற்கு மேல் அவர் வாழ்க்கையில் எதையும் நம்பியதாகத் தெரியவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். லைனின் கோடி வீட்டில் தனியாக இருந்தார். ஆனாலும் எதையாவது உடனே முடிவு சொல்லச் சொன்னால், “வீட்டுல கேட்டுச் சொல்றேன்” என்பார். வீட்டில் ஒரு பூனைகூட இல்லை.

எங்கள் லைன் பொதுப்பணி வேலையாட்களுக்காக ஒரே கூரையில் நீளமாகக் கட்டிய வீட்டு வரிசை. ஒரு முனையில் தெருக்குழாய், மறுமுனையில் அவர் வீடு. சற்றுத் தள்ளி கம்போங் என்கிற மலாக்கா செட்டிகளின் குடியிருப்பு. அங்கேயும் அவருக்குப் போக்குவரத்து உண்டு. அவர்கள் பேசுவது மலாய், இவரும் அங்கே போனால் மலாய்தான் பேசுவார், அங்கேயும் அரை கிளாஸ்தான். ஜப்பான்காரன் வந்த பிறகு, ஒவ்வொரு லைனும் ஒரு தலைவனைக் காட்ட வேண்டும், அங்கே எது நடந்தாலும் அவன்தான் பொறுப்பு என்று உத்தரவு வந்தது. குழாயடியில் ஆம்பளைகள் எல்லாரும் கூடி, எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தரகர் மாமா கம்போங்கிலிருந்து ஒரு நிச்சயதார்த்தம் முடிந்து தாமதமாக வந்தார். நீங்கள் இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அதையே சம்மதம் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அவருடைய ஆயுதத்தால் அவரையே அடித்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வரைபட அலுவலகத்தில் டிரேசர். பொறியாளர் பென்சிலால் வரைந்த சாலை, பாலம், வாய்க்கால் படங்களின் மேல் மெழுகுத்துணியை விரித்து மையால் படியெடுக்கும் வேலை. வெள்ளைக்காரன் போனான், ஜப்பான்காரன் வந்தான், மேசையும் மைக்கூடும் நானும் அங்கேயே இருந்தோம். என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஏழு போட்டால் நடுவில் சிறு குறுக்குக் கோடு போடுவேன், ஒன்றோடு குழம்பக்கூடாது என்று பயிற்சியில் சொல்லித்தந்தது. அப்பா இல்லை. அம்மா, என் அண்ணன், நான். அண்ணன் பழைய பொதுப்பணி வண்டியில் ஓட்டுனர். நல்ல உடம்பு. அந்தக் காலத்தில் நல்ல உடம்பைப் போல ஆபத்தான சொத்து வேறில்லை.

அலுவலகங்களுக்கு அனுப்பும் காகிதங்களை ஆங்கில எழுத்தில் எழுதத் தரகர் மாமாவுக்கு ஆள் வேண்டும். அதனால் லைனின் பட்டியல்கள் எல்லாம் என் கையெழுத்து.

முதலில் ராணுவப் போலீஸ் கேட்டது. உஜோங் பாசிர் கரையில் நின்று எதிரிக் கப்பல் வருகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். எங்கள் லைனில் வேலைக்கு உடம்புள்ள ஆம்பளைகள் மொத்தம் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்தோம். ஆளுக்கு ஒரு மூங்கில் கம்பு தந்தார்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். கப்பல் தெரிந்தால் தகரத்தைத் தட்ட வேண்டும். உலகத்துக் கப்பல்கள் எல்லாம் போகும் நீரிணையை எங்கள் லைன் ஒரு தகரத்தை வைத்துக் காத்தது. அண்ணன் முதல் நாளே அது துருவேறி இற்றுப்போயிருப்பதைக் கண்டுபிடித்தான். தட்டினால் சத்தம் வராது. புகார் கொடுக்கலாமா என்று தரகர் மாமாவைக் கேட்டான்.

“வேணாம் மாப்ளே,” என்றார். “சத்தம் வர்ற தகரம் கொடுத்தா, சத்தம் ஏன் வரலேன்னு கேப்பான்.”

அடுத்து உணவுப் பயிர் அலுவலகம். புக்கிட் ரம்பாயில் மரவள்ளி நட ஆள் வேண்டுமாம். அதே பன்னிரண்டு பேர். பிறகு நம்மவர்களின் சுதந்திரச் சங்கத்திலிருந்து வந்தார்கள். இந்தியாவுக்கு விடுதலை வாங்கப் போகும் படைக்குத் தொண்டர்கள் வேண்டும் என்று உருக்கமாகப் பேசினார்கள். எனக்கே கண் கலங்கியது. தரகர் மாமாவுக்கும் கலங்கியது. அதே பன்னிரண்டு பேரைக் கொடுத்தார். பெரிய இடத்துச் சம்பந்தம், பேசிக்கிட்டிருக்கு என்றார்.

நான்காவதாக வந்ததுதான் உயிர் போகிற விஷயம். தொழிலாளர் அலுவலகம். சயாமில் ரயில் பாதை போட ஆள். பக்கத்து லைன் தலைவர், நல்ல மனிதர், பயந்தவர், கேட்ட அன்றே சரி என்று சொல்லிவிட்டார். மறுவாரம் லாரி வந்து அங்கே இருந்த ஆம்பளைகளை ஏற்றிக்கொண்டு போனது. அதன் பிறகு கடிதமும் இல்லை, செய்தியும் இல்லை. முடியாது என்று சொன்ன இன்னொரு தலைவர் ராணுவப் போலீஸ் கட்டிடத்துக்குள் போனார், அவரைப் பற்றியும் செய்தி இல்லை. ஆக, சரி என்று சொன்னாலும் போச்சு, இல்லை என்று சொன்னாலும் போச்சு.

அன்றைக்குச் சாயங்காலம் தரகர் மாமா எங்கள் வீட்டில் உட்கார்ந்து, அரை கிளாஸ் குடித்துவிட்டு, அதே பன்னிரண்டு பெயரை நான்காவது முறை எழுதச் சொன்னார். கூடவே பையில் இருக்கட்டும் என்று உபரியாக ஒரு படியும் எழுதிக் கேட்டார்.

“அண்ணே, இது சயாமுக்குப் போற லிஸ்டா?” என்றார் அம்மா. என் அண்ணன் பெயர் அதில் ஏழாவது.

“நாலு வீட்டுல ஜாதகம் கொடுத்திருக்கு தங்கச்சி. நாலு வீடும் என் மாப்பிள்ளைன்னு சொல்லணும். அப்பத்தான் ஒருத்தனும் தாலி கட்ட முடியாது.”

போகும்போது வாசலில் நின்று, ஒவ்வொரு பட்டியலுக்கும் சொன்னதையே என்னிடம் மட்டும் மறுபடி சொன்னார்: “ஆயி, ஒவ்வொண்ணுலயும் வரிசையை மாத்திப் போடு. பார்க்க ஒண்ணு போல இருக்கக் கூடாது.”

நான் மாற்றவில்லை. இதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும். குழாயடியிலிருந்து கோடி வரை வீட்டு வரிசைப்படி எழுதியிருந்தேன், ஒரு லைனுக்கு அதுதான் சரியான வரிசை. கலைத்துப் போட என் கை வரவில்லை. ஐந்து காகிதத்திலும் அதே பெயர், அதே எண், அதே இடைவெளி, ஏழுக்கு அதே குறுக்குக் கோடு.

சில மாதங்கள் அவர் சொன்னபடியே நடந்தது. லாரி வரும்போது பன்னிரண்டு பேரும் உஜோங் பாசிரில் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ராணுவப் போலீஸின் ஆட்களைத் தொட லாரிக்காரனுக்குத் துணிச்சல் இல்லை. போலீஸ் வேறு வேலைக்குக் கேட்டால் மரவள்ளி நடுகை. மரவள்ளிக்காரன் கேட்டால் தொண்டர் படைக்கு அணிவகுப்புப் பயிற்சி. சங்கத்தார் கேட்டால், தொழிலாளர் அலுவலகம் பிடித்து வைத்திருக்கிறது, நீங்களே பேசிப் பாருங்கள் என்பார். எந்தக் கம்பு எந்த நாளுக்கு என்று அண்ணனுக்கே குழம்பும். ஒரு நாள் மரவள்ளிக் காட்டுக்கு மூங்கில் கம்போடு போய் நின்றான்.

அப்புறம் அந்த லெப்டினன்ட் வந்தான். தொழிலாளர் அலுவலகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இளைஞன். மூக்குக் கண்ணாடி, சுத்தமான நகம், பென்சிலைச் சட்டைப் பையில் உயர வரிசைப்படி வைத்திருப்பான். எனக்கு அவனைப் பார்த்ததும் பயம் வந்தது. காரணம், அவனும் என்னைப் போன்றவன். நான்கு அலுவலகங்களில் இருந்த ஆள் பட்டியல்களை எல்லாம் வாங்கி வந்து என் மேசையில் வைத்தான். மலாக்கா நகரத்தில் மொத்தம் எத்தனை ஆள் என்று ஒரே பெரிய அட்டவணையாக வரைந்து தரவேண்டும், மூன்று நாள் தவணை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னான்.

கட்டைப் பிரித்தேன். காஜா பெராங், எங்கள் லைன். நான்கு தாள். நான்கிலும் என் கையெழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்படியே கூட்டிப் போட்டால் நாற்பத்தெட்டு பேர். நாற்பத்தெட்டு பேரை அனுப்பு என்பான். நான்கிலும் ஒரே ஆட்கள்தான் என்று சொன்னால், நான்கு இடத்தில் ஏமாற்றியது நாங்களே என்று எழுதிக் கொடுத்தது போல ஆகும். தாள்களை அவன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், எதுவும் சொல்லவேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் நேராகக் கோடி வீட்டுக்குப் போனேன். வரிசையை மாற்றவில்லை என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

“நீ ஆமா இல்லைன்னு ரெண்டுல ஒண்ணு சொல்ற பொண்ணு. அது என் தப்பு, உன்கிட்ட கொடுத்தது,” என்றார். பிறகு, “சரி. இப்ப உள்ளதை உள்ளபடியே போடு.”

“மாமா?”

“பேரு கீழே கீழே பன்னிரண்டு. ஆபீஸ் மேலே பக்கத்துல பக்கத்துல நாலு. எந்த ஆபீஸ் எவனைத் தன் ஆளுன்னு சொல்லுதோ அங்கே ஒரு டிக். நல்லா அழகா போடு. பொய் ஒண்ணும் வேணாம்.”

அழகாகப் போடு என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. நாற்பத்தெட்டு டிக். கட்டங்கள் எல்லாம் ஒரே அளவு. கடைசியில் ஒரு காலிக் கட்ட வரிசையும் விடச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். இன்னொரு வரன் எப்பவும் வரும் ஆயி என்றார். மெழுகுத்துணியில் மூன்று படி எடுத்தேன், ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று அவர் பைக்கு, ஒன்று எனக்கு.

லெப்டினன்ட் அதை மேசையில் விரித்தான். மற்ற லைன்களில் ஆளுக்கு ஒரு டிக், அங்கங்கே இரண்டு. எங்கள் லைனுக்கு வந்ததும் விரல் நின்றது. நான்கு வரிசையிலும் மேலிருந்து கீழாக டிக், டிக், டிக். என்னைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான். அவன் முகம் சிவந்தது, ஆனால் என் மேல் இல்லை. அவன் ஆட்கள் மேல் போலீஸ் டிக், மரவள்ளி டிக், சங்கத்தின் டிக். ஒழுங்கான ஒரு அட்டவணையில் மூன்று அலுவலகங்கள் அவன் கட்டத்துக்குள் கால் வைத்திருக்கின்றன. எனக்கும் கோபம் வந்திருக்கும்.

இருந்தாலும் தரகர் மாமாவைக் கூப்பிட்டனுப்பினான். அலுவலகத்திலேயே, என் மேசைக்கு முன்னால். நான் எழுந்து நின்றேன்.

யாருக்கு முதலில் கொடுத்தாய் என்று மொழிபெயர்ப்பாளர் மலாயில் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் என் அண்ணனின் உயிர் இருந்தது. தொழிலாளர் அலுவலகம் என்றால் அன்றைக்கே லாரி. வேறு பெயரைச் சொன்னால் இங்கேயே அடி, பிறகு லாரி.

தரகர் மாமா குனிந்து வணங்கினார், சரியான அளவுக்கு. பிறகு கடைத்தெருவில் பேசும் பசார் மலாயில் மெதுவாகப் பேசினார். அதை நான் தமிழில் எழுதுகிறேன், ஐயா என்பதற்கான துவானை மட்டும் அப்படியே விட்டு.

“துவான், நான் தரகன். எங்க லைன்ல மாப்பிள்ளை பன்னிரண்டுதான். நாலு பெரிய வீட்டுக்காரங்க வந்து கேட்டீங்க. எந்தப் பெரிய வீட்டையும் வேணாம்னு சொல்ற தகுதி எனக்கு இல்லை. உங்கள்ல யாரு பெரியவங்கன்னு சொல்ற தகுதியும் இல்லை. அதை நீங்க நாலு பேரும் கூடிப் பேசி ஒரு சீல் போட்ட கடுதாசி கொடுங்க. அன்னைக்கே கட்டி வைக்கிறேன்.”

மொழிபெயர்ப்பாளர் மாப்பிள்ளை என்ற இடத்தில் திணறினார். எப்படியோ சொல்லி முடித்தார். லெப்டினன்ட் எழுந்து வந்து தரகர் மாமா கன்னத்தில் அறைந்தான். வாயோரம் ரத்தம் வந்தது. அவர் கையை எடுத்துத் துடைக்கவில்லை. அறை வாங்கியவர் முகத்தில், பெண் வீட்டில் பலகாரம் வருவதற்குக் காத்திருப்பது போன்ற ஒரு பொறுமை இருந்தது.

கடைசியில் லெப்டினன்ட் உட்கார்ந்தான். ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. நான்கு அலுவலகங்களுக்குள் முன்னுரிமை யாருக்கு என்று மேலிடம் முடிவு செய்ய வேண்டும். முடிவு வரும்வரை இந்தப் பன்னிரண்டு பேரை எந்த அலுவலகமும் இடம் மாற்றக் கூடாது. கடிதம் சிங்கப்பூருக்குப் போனது. உத்தரவின் படியை நானே பெரிய எழுத்தில் வரைந்தேன். தரகர் மாமா அதில் லைன் முத்திரையைக் குத்தி, குழாயடிக்கு மேலே ஒட்டினார். லாரி இரண்டு முறை வந்து, அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனது.

அறை வாங்கிய அன்று வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்டேன், வலிக்கிறதா மாமா என்று.

“சம்பந்திங்க சண்டையில தரகனுக்கு விழாத அடியா,” என்றார். “பதில் சீக்கிரம் வராது ஆயி. நாலு பேருக்கும் மானம் இருக்கு.”

பதில் வரவேயில்லை. சண்டை முடிந்தது, ஜப்பான்காரன் தோற்றான். வெள்ளைக்காரன் இன்னும் வந்து சேரவில்லை. இடையில் இருந்த அந்தச் சில நாளில் காட்டுக்குள்ளிருந்து ஜப்பான்காரனை எதிர்த்தவர்கள் ஆயர் குரோ பக்கமாக இறங்கி வந்தார்கள். ஜப்பான்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது யார் என்று விசாரித்தார்கள். குழாயடியில் தரகர் மாமாவின் முத்திரை குத்திய உத்தரவு அப்படியே ஒட்டியிருந்தது. கிழிக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களைக் காப்பாற்றிய காகிதம் அது, அதைச் சாமி படம் போல வைத்திருந்தோம். அந்த ஒரு காகிதத்துக்காக அவரைக் கையைக் கட்டிப் பள்ளிக்கூடத் திடலுக்குக் கொண்டுபோனார்கள்.

பட்டப்பகல். லைன் முழுக்கத் திடலில் நின்றோம். பன்னிரண்டு பேரும் முன்னால். காட்டிலிருந்து வந்தவர்களின் தலைவர் ஒரு சீனர், மெலிந்த மனிதர், காலில் புண்ணோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் அட்டவணையை எடுத்துப்போய் நீட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீட்டினால் நல்லதா கெட்டதா என்று கணக்கிட முடியவில்லை. அதற்குள் தரகர் மாமா தன் பையில் இருந்த அட்டவணைப் படியைப் பார்க்கச் சொன்னார். பிறகு, தான் முன்பு கொடுத்தனுப்பிய காகிதத்தை அவர்களும் தங்கள் பெட்டியில் தேடிப் பார்க்க வேண்டும் என்றார்.

அவர்களில் ஒரு தமிழர் இருந்தார். ஒரு தகர டப்பாவிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து வந்தார். என் எழுத்து. நான் பையில் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்த ஐந்தாவது படி. காட்டுக்காரர்களுக்கு உதவத் தயாராக இருக்கும் ஆட்கள் என்று மேலே தமிழில், ஜாதகம் எழுதும் கையெழுத்தில், தரகர் மாமா எழுதியிருந்தார். தமிழர் ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். ஏழு என்றபோது அண்ணனும் தூக்கினான், இப்படி ஒரு வேலைக்குத் தான் தயாராக இருந்தது அப்போதுதான் தெரிந்த முகத்தோடு.

பன்னிரண்டோடு முடியவில்லை. பதின்மூன்றாவதாக ஒரு பெயர், அதே ஜாதகக் கையெழுத்தில். என் பெயர். பக்கத்தில்: வரைபட அலுவலகம், சாலை, பாலம் எல்லாம் இவள் கைக்குள்.

தலைவர் என்னைப் பார்த்து எழுந்து நின்று வணக்கம் வைத்தார். நான் அவர்களுக்கு ஒரு கோடுகூட வரைந்து கொடுத்ததில்லை. தரகர் மாமாவின் கட்டை அவிழ்த்தார்கள். லைன் சிரித்தது, அழுதது. நான் இரண்டும் செய்யவில்லை.

அன்று சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்தபோது கேட்டேன்.

“மாமா, அந்தக் காகிதம் ஜப்பான்காரன் கையில கிடைச்சிருந்தா?”

“கிடைக்கலையே ஆயி.”

“கிடைச்சிருந்தா?”

 அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். “ஆள் எங்ககிட்ட இருக்கு, படந்தான் இல்லைன்னாங்க காட்டுக்காரங்க. பன்னிரண்டை மட்டும் ஏத்துக்கலே. சீர் என்னன்னு கேட்டாங்க. அவங்களுக்கும் பேசிக்கிட்டிருக்குன்னுதான் சொன்னேன். உன்னைக் கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பே.”

பன்னிரண்டு மாப்பிள்ளைகளுக்கும் சீதனமாக என் தலையை வைத்திருக்கிறார். அந்தப் பன்னிரண்டில் ஒருத்தன் என் அண்ணன், அடுப்பங்கரையில் உட்கார்ந்து மரவள்ளி தின்றுகொண்டிருந்தான். கோபப்படவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை. அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அட்டவணையின் என் படியில் அந்தக் காலிக் கட்டங்களில் பன்னிரண்டு டிக் போட்டேன். கீழே ஒரு வரி சேர்த்து, என் பெயரை எழுதி, அதற்கு நேரே ஒரு டிக் போட்டேன்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும், மறுவாரமே தரகர் மாமா வாசலில் நின்றார். ஆபத்துக் காலத்தில் உஜோங் பாசிர் கரையை விசுவாசமாகக் காத்தவர்களுக்கு அரிசியும் சட்டைத்துணியும் கொடுக்கிறார்களாம். ஒரு பட்டியல் வேண்டும். யாரிடமிருந்து காத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பன்னிரண்டு பெயரையும் எழுதினேன். இந்தத் தடவை வரிசையை மாற்றிப் போட்டேன். அவர் அதைப் பார்த்தார், மடித்துப் பையில் வைத்தார். அதுதான் எங்கள் சமாதானம்.

அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து, எனக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். ரயில்வேயில் வேலை, பேப்பர் படிக்கிற பழக்கம் உண்டு, மற்றபடி குறை இல்லை என்றார். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன். நிஜக் காப்பி, முழு கிளாஸ். எப்படியும் பாதி வீண், தெரியும்.

“என்ன ஆயி,” என்றார், “அவங்களுக்குச் சரின்னு சொல்லிடவா?”

இந்த ஜாதகம் இன்னும் எத்தனை வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன். எத்தனையோ நாளாக மனத்தில் வைத்திருந்ததை எடுத்தேன்.

“வீட்டுல கேட்டுச் சொல்றேன் மாமா.”

“நான் இங்கதானே இருக்கேன்?” என்றார் அம்மா.

தரகர் மாமா என்னைப் பார்த்தார். பிறகு கிளாஸை எடுத்தார். பாதியில் நிறுத்தவில்லை. நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்து, கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். ஜாதகத்தை என் பக்கமாக நகர்த்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் தெரு திரும்பியதும் நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது.